மழையில் ராலி வண்டி நின்றுவிடுகிறது, அவசரம்

செம்மண்தடம்: சனிக்கிழமை சிக்மகளூரில் கார் ராலி. அங்கே நான்கு நாளாக விடாத மழை, எஸ்டேட் பாதை எல்லாம் சேறு. இங்கே பயிற்சியில் ஓடையில் இறங்கி ஏறினாலே வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது. பிளக் நான்கும் புதிது. என்ன செய்யலாம்?

வால்பாறைவளைவு: எந்த வண்டிங்க? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? தண்ணீர் எவ்வளவு ஆழம்?

பட்டறைக்காரன்: படாரென்று நின்றதா, தடுமாறி நின்றதா? படாரென்று நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளிய பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும்.

நீலகிரி84: தம்பி, வண்டி எது என்றுகூட எழுதாமல் உதவி கேட்கிறீர்கள். பேஸ் நோட்ஸும் (ராலிப் பாதைக் குறிப்பு) இப்படித்தான் எழுதுவீர்களா? ஓடையில் பாய்ந்து இறங்கினால் எந்த வண்டியும் நிற்கும். முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

செம்மண்தடம்: மன்னிக்கவும். பழைய 1300 சிசி செடான், கார்புரேட்டர், பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். தடுமாறித்தான் நிற்கிறது.

மெல்லியடயர்: இன்ஜினை விடுங்க, டயர் என்ன அகலம்? காபித் தோட்டத்துச் செம்மண் மேலே வழுக்கும், அடியில் கெட்டி. ஒல்லி டயர்தான் சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் 1963, 1968 சஃபாரி ராலி இரண்டும் பேய்மழை. 80க்கு மேல் கிளம்பி, இரண்டிலும் 7 வண்டிகள்தான் முடித்தன. இரண்டிலும் ஜெயித்தது பெஜோ 404, ஒல்லி டயர்.

நீலகிரி84: அது டயரால் அல்ல. இரண்டிலும் அந்த பெஜோவில் ஜெயித்த நோவிக்கி, கிளிஃப் ஜோடிக்கு கிழக்கு ஆப்பிரிக்கப் பாதை அத்துப்படி. எங்கே வேகத்தைக் குறைக்கணும் என்று தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள்.

மெல்லியடயர்: பாதை தெரிந்த மற்றவர்களும்தானே சேற்றில் மாட்டினார்கள்? பாதி பதில்தான் சொல்கிறீர்கள், அண்ணா.

வால்பாறைவளைவு: ஏர் ஃபில்டர் வாய் எங்கே இருக்கிறது? கென்யா சஃபாரியில் முன்னணி வண்டிகளே ஸ்நார்க்கல் (உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்) மாட்டி ஓடுகின்றன.

பட்டறைக்காரன்: சஃபாரியை அப்புறம் பேசுவோம். காய்ந்தவுடன் கிளம்புகிறது என்றால் தண்ணீர் கரன்ட்டைத்தான் கெடுக்கிறது. இரவில் விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விடுங்கள். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல் பாட்டிலால் பூப்போலத் தண்ணீர் தெளியுங்கள். கையால் தொடாதீர்கள். நீலப்பொறி தாவும் வயரைத் தூக்கிப் போடுங்கள். மூடியில் மயிரிழை விரிசல் இருக்கா என்றும் பாருங்கள். அப்புறம் கனமான ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வயரை நுழைத்து, மணிக்கட்டுப் பக்கத்தை மூடி மேல் கவிழ்த்து இறுகக் கட்டுங்கள். வயர் முனைகளுக்கு சிலிக்கான் கிரீஸ்.

நீலகிரி84: கையுறை எல்லாம் 80களின் வைத்தியம்.

பட்டறைக்காரன்: வண்டியும் பழசுதானே சார்.

செம்மண்தடம்: மூன்றாவது வயர்தான். இருட்டில் பளிச்சென்று தெரிந்தது. நான்கையும் மாற்றி, கையுறையும் போட்டாச்சு. இன்று ஓடையில் ஐந்து முறை இறங்கியும் நிற்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா, கிளம்புகிறோம்.

மெல்லியடயர்: டயர் அகலம் கடைசிவரை சொல்லவே இல்லையே?