வார்டுல கையில வெச்சிருக்கற அந்தச் சாமானுக்குத் தமிழ்ல என்னுங்க பேரு?

அந்தியூர் மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் மொதத் தடவ எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. நான் பிஎஸ்சி நர்சிங் மூணாம் வருசம். வார்டுல மருந்துக் கணக்குப் பாக்கவும் குறிச்சுக்கவும் நாங்க கையில வெச்சிருக்கற செல்லு மாதிரி சாமானுக்கு எனக்கு அவசரமா ஒரு தமிழ்ச் சொல் வேணுமுங்க.

போன வாரம் ஆண்கள் மெடிக்கல் வார்டுல போஸ்டிங். ஒருத்தருக்கு நார்மல் சலைன் 500 மில்லி, நாலு மணி நேரத்துல ஓடணும்னு எழுதியிருந்துச்சு. சொட்டு எறக்கற குழாய் செட்டு ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்ப 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிசத்தால வகுத்தா நிமிசத்துக்கு 42 சொட்டுக்குப் பக்கம் வருமில்லீங்களா, அத செல்லுல ஒரு வாட்டி சரிபாத்துப்போட்டு அப்புடியே ஸ்டாப்வாட்ச்ச ஓட விட்டு சொட்டு எண்ணிட்டு நிக்கறேன், பக்கத்துல இருந்த பெரியம்மா "ஏனம்மணி, எம்பட பையனுக்கு மருந்து ஏத்த வந்தயா, இல்ல செல்லு நோண்ட வந்தயா"ன்னு வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி சத்தம் போட்டுட்டாங்க. எண்ணிக்கிட்டிருந்த சொட்டு மறந்தே போச்சு. அதுல பாதி பேரு என்னையத் திட்டறாங்க, பாதி பேரு பெரியம்மாவ சமாதானம் பண்றாங்க. இன்சார்ஜ் சிஸ்டர் வந்து எடுத்துச் சொன்ன பொறகும் அந்தம்மா மூஞ்சி தெளியவே இல்லீங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, எங்க கிளாஸ்லயே வார்டுல நின்னுட்டு ரீல்ஸ் பாக்கற ஆளுக இருக்கத்தான் செய்யறாங்க.

எங்க மேடம் சொன்னாங்க, வார்டு வாசல்ல தமிழ்ல ஒரு அறிவிப்பு ஒட்டீரலாம், நீயே எழுதிட்டு வான்னு. நான் அகராதியெல்லாம் பாத்து "கையடக்க எண்ணிமச் சாதனம்"னு எழுதிட்டுப் போனேன். மேடம் சிரிச்சுட்டு, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. அவரு ரெண்டு தடவ படிச்சுப்போட்டு "கரண்டு சாமான் ஏதாச்சும் புதுசா வருதுங்களா"ன்னு கேட்டாரு. அதான் இங்க வந்துட்டேன்.

கோயமுத்தூர் அண்ணன் எழுதியது:

வாம்மா. இந்தச் சாமானுக்கு இங்கிலீஷ்லயே பேரு நிலையா நிக்கலங்கறத மொதல்ல தெரிஞ்சுக்க. 1992ல ஆப்பிள் கம்பெனித் தலைவரா இருந்த ஜான் ஸ்கல்லி, கையில அடங்கற குட்டிக் கம்ப்யூட்டருக்கு பர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட்ங்கற பேரப் பொதுவுல விட்டாரு, சுருக்கமா பிடிஏ. அடுத்த வருசம் அவங்களோட நியூட்டன்ங்கற பிடிஏ வந்துச்சு, எடுபடல. 1996ல பாம் பைலட்னு இன்னொரு பிடிஏ வந்தப்பறம்தான் டாக்டருங்க, நர்சுங்க கைக்கு அது போச்சு, மருந்து விவரம் பாக்கற எபோக்ரட்டீஸ் எல்லாம் அதுல ஓடுனதுதான். நானும் ஒண்ணு செகண்டுல வாங்கி வெச்சிருந்தேன், கிராபிட்டின்னு ஒரு எழுத்து முறை, குச்சியால எழுதோணும், நம்ம கையெழுத்த அது மாத்திப்போடும், அத விட்டு ரெண்டு வருசம் கழிச்சும் நான் பேப்பர்ல ஏ எழுதுனா நடுக்கோடு இருக்காது. 2007ல ஐபோன் வந்துச்சு, அப்பறம் பிடிஏங்கற பேரே கொஞ்சங் கொஞ்சமா போயிருச்சு.

அதனால பிடிஏவுக்குத் தமிழ் தேடாத. கைக்கணினின்னு ஏற்கெனவே இருக்கு, அத வெச்சுக்க, வேல முடிஞ்சுது.

அந்தியூர் மாணவி எழுதியது:

அண்ணா, பிடிஏன்னதும் சிரிப்பு வந்துருச்சுங்க. எங்க கொழந்தைங்க வார்டுல பிடிஏன்னா பேடன்ட் டக்டஸ் ஆர்டீரியோசஸ், பொறந்ததும் மூடிக்க வேண்டிய ரத்தக்கொழாய் மூடாம நிக்கறது. "அந்தக் கொழந்தைக்கு பிடிஏ இருக்கு"ன்னா உங்க ஆளுங்க பாம் பைலட் வெச்சிருக்குதுன்னு நெனப்பாங்க போல.

நெசமாலுமே இதுதாங்க பிரச்சனை. வார்டுக்குள்ள வந்தா இந்தச் சாமானோட எல்லாப் பேருக்கும் ஏற்கெனவே வேற ஆளு குடியிருக்கு. டேப்னா மாத்திரை, கேஸ் ஷீட்ல டேப் போட்டுத்தான் மாத்திரை பேரே எழுதுவாங்க. ஒரு நாளு சீனியர் அக்கா "ஒம்பதாம் பெட்டுக்கு டேப் குடுத்துட்டியா"ன்னு கேட்டாங்க, நான் "சார்ஜ்ல இருக்குதுங்க்கா"ன்னுட்டேன். செல்லுன்னா செல் கவுண்ட்டு. மானிட்டர்னா கட்டிலுக்குத் தலமாட்டுல கீ கீன்னு கத்தறது. பேடுன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. டிஸ்சார்ஜ் ஆயிருச்சுன்னா சொந்தக்காரங்க மூட்டை கட்ட ஆரம்பிச்சுருவாங்க. இங்கிலீஷ்லயே எழுதீரலாம்னு சொல்றவங்களுக்கு இதச் சொல்லிக்கறேன், இங்க தமிழ்ச் சொல் கேக்கறது ஆசைக்காக மட்டும் இல்லீங்க.

கைக்கணினி தப்பில்ல அண்ணா. ஆனா அந்தப் பெரியம்மாகிட்ட கைக்கணினின்னா "அதென்ன, செல்லுத்தான"ம்பாங்க. கைபேசின்னு போடலாம்னா அதுவும் ஒத்து வரல, ஏன்னா வார்டுல நாங்க அதுல பண்ணவே கூடாத ஒரே வேல பேசறதுதான். பிளைட் மோடுல போட்டு வெச்சுக்கங்கன்னு ரூல். பேசக் கூடாத சாமானுக்குக் கைபேசின்னு பேரு வெச்சு அறிவிப்பு ஒட்டுனா நல்லாவா இருக்கும்?

தாராபுரம் வாத்தியார் எழுதியது:

அம்மணி, நல்ல கேள்வி. கைபேசியா கைப்பேசியான்னு இங்க ரெண்டு வருசம் முன்ன ஒரு சண்டை நடந்துச்சு, அத மறுபடி எழுப்ப வேண்டாம்.

நம்ம பக்கத்துக்கு இது புது வேலையில்ல. 1916லயே சேலத்துல ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேந்து அறிவியல் சொல்லுகள தமிழ்ல ஆக்கறதுக்குன்னே ஒரு சங்கம் வெச்சாங்க. பொறகு கோயமுத்தூர்ல இருந்து கலைக்கதிர்ங்கற அறிவியல் பத்திரிகை வந்துச்சு. அதனால தயங்காமக் கேளு.

என்னோட ரோசனை: சுவடி. கோயமுத்தூர்த் தம்பி சொன்ன குச்சி இருக்குதே, அதுக்கு நம்மகிட்ட எழுத்தாணின்னு பேரு இருக்கு. கையில அடங்கறது, எழுதறது, பொரட்டிப் பாக்கறது, மூணும் சுவடிக்குப் பொருந்துது. பெருக்கல் வாய்பாட்டுக்கு அந்தக் காலத்துல எண்சுவடின்னு பேரு, எங்க அப்பாரு எண்சுவடி ஒப்பிச்சுத்தான் கணக்குக் கத்துக்கிட்டாரு. டிஜிட்டலுக்கும் எண்ணுத்தான அடிப்படை. கைச்சுவடின்னு வெச்சா எல்லாம் அடங்கிரும். செவிலிங்கறதே சங்கப் பாட்டுல வளத்த தாய்க்கு இருந்த பேரு, இப்ப நர்சுக்கு வந்து நல்லாத்தான ஒட்டியிருக்குது. பழைய சொல்லுக்குப் புது வேல குடுக்கறதுல தப்பில்ல.

திருப்பூர் அக்கா எழுதியது:

ஐயா மன்னிச்சுக்கோங்க, நான் பன்னெண்டு வருசமா ஸ்டாஃப் நர்சு, ஒண்ணு சொல்லியே ஆகணும். "மாணவிகள் சுவடி பார்த்து மருந்து தருவார்கள்"னு வாசல்ல எழுதுனா எங்க ஜனம் கைரேகைய நீட்டிட்டு வரிசையில நிக்கும். "எம்பட ஏட்டுல என்ன போட்டிருக்கு, இந்தச் சீக்கு எப்ப உடும்"னு கேக்கும். கொஞ்சம் பேரு பயந்துட்டு வேற ஆஸ்பத்திரிக்கே போயிருவாங்க.

இன்னொண்ணு, யாராச்சும் கையடக்கக் கருவின்னு சொல்ல வருவீங்க, அதுவும் வேண்டாம். சக்கரை பாக்கற குளுக்கோமீட்டர், வெரல்ல மாட்டற பல்ஸ் ஆக்சிமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாமே கையடக்கம், எல்லாமே டிஜிட்டல். அதெல்லாம் ஒடம்பத் தொட்டு அளக்கறது, அதுக்கு மானின்னோ அளவின்னோ ஏற்கெனவே வழி இருக்கு. தங்கச்சி கேக்கறது பாத்துக்கறதுக்கும் குறிச்சுக்கறதுக்கும் வெச்சிருக்கறது. இது ரெண்டையும் ஒட்டுக்கா ஒரு பேருக்குள்ள போட்டா பாடத்துல கொழப்பம்தான் வரும். 2021ல நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்த மாத்துனப்ப இன்பர்மேடிக்ஸ்னு, அதாவது கம்ப்யூட்டர்ல தகவலக் கையாள்றதுக்கு, தனிப் பாடமே வெச்சுட்டாங்க, எங்க காலத்துல அதெல்லாம் கெடையாது, சட்டைப்பையில ஒரு குட்டி டைரி, அதுல மருந்து டோஸ், அவ்வளவுதான். மழைல நனைஞ்சா அத்தனை டோசும் மசி.

அந்தியூர் மாணவி எழுதியது:

அக்கா, அந்த டைரிய நீங்க சொன்னதும்தான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சுங்க.

நாங்க அதுல என்ன பண்றோம்னு எழுதிப் பாத்தேன். மருந்து அளவு சரிபாக்கறது. 12 கிலோ கொழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல 180 வருது, சிரப்பு அஞ்சு மில்லிக்கு 250ன்னா 3.6 மில்லி, இத மனக்கணக்காவும் போட்டுப்போட்டு அதுலயும் போட்டுப் பாப்போம், ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் சிஸ்டர்கிட்டப் போறது. இன்சுலின்ல மில்லிக்கு 40 யூனிட்டுக்கும் 100 யூனிட்டுக்கும் சிரிஞ்சு வேற, மூடி சிவப்பா ஆரஞ்சான்னு பாக்கறதோட கணக்கையும் ஒருக்கா பாத்துக்குவோம். அப்பறம் நாடி, மூச்சு எண்ண ஸ்டாப்வாட்ச். கடைசியா பிபி, காய்ச்சல் எல்லாம் பெட் நம்பர் மட்டும் போட்டுக் குறிச்சு வெச்சுக்கறது, பேரு போட மாட்டோம். அப்பறம் அத கேஸ் ஷீட்ல பேனாவால ஏத்திப்போட்டு, ட்யூட்டி முடியறப்ப இதுல இருக்கறத அழிச்சுட்டுத்தான் வெளிய வரோணும். வர்ற வழியில ஸ்பிரிட்டு போட்டு அதையும் ஒரு தொடை.

கணக்குப் போட்டுப் பாக்கறது, அழிக்கறது, தொடைக்கறது. இது சிலேட்டுத்தானுங்களே? எங்க அமுச்சி ஸ்கூலுக்குப் போறப்ப இட்டேரில கோவத்தழை பறிச்சுட்டுப் போவாங்களாம், சிலேட்டுத் தொடைக்க. சிலேட்டுல போட்ட கணக்கு நோட்டுல ஏறுனாத்தான் கணக்கு, சிலேட்டுல இருக்கறத யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. கேஸ் ஷீட்டுத்தான் எங்க நோட்டு.

தாராபுரம் வாத்தியார் எழுதியது:

சுவடிய நான் வாபஸ் வாங்கிக்கறேன். திருப்பூர் அம்மணி சொன்னதப் படிச்சுட்டு வீட்டுல வாய் விட்டுச் சிரிச்சுட்டாங்க, எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

சிலேட்டுன்னே எழுதலாம், ஆனா பாடப்புத்தகத்துல நிக்காது. பலகைன்னு வெச்சுக்க. கற்பலகை, கரும்பலகைன்னு ஜனத்துக்குப் பழகுன வரிசைல கைப்பலகை. கைப்பை, கைப்பிடி மாதிரி ப் வரும், வராதுன்னு யாராச்சும் சொன்னா என்கிட்டத் தாட்டி விடு.

கோயமுத்தூர் அண்ணன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். பெரிய ஆஸ்பத்திரில அவிங்களே டேப் குடுக்கறாங்க, அதுல போடறதுதான் கேஸ் ஷீட்டே. அத அழிச்சா வேல போயிரும். அதையும் கைப்பலகைன்னு சொல்லுவீங்களா? 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேற வந்துருச்சு, எது தங்கும் எது தங்காதுங்கறது இனி விளையாட்டில்ல. லொள்ளுக்குக் கேக்கல, நெசமாவே கேக்கறேன்.

திருப்பூர் அக்கா எழுதியது:

அத பதிவுப்பலகைன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. எங்ககிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல எழுதறது சர்வருக்குப் போயிருது. அது ஆஸ்பத்திரியோட சாமான், பூட்டி வெப்போம். தங்கச்சி கையில இருக்கறது அவளோட சொந்தச் சாமான். அதுக்குத்தான் அழிக்கறதுங்கற அர்த்தம் பேருக்குள்ளயே இருக்கோணும், படிக்கற புள்ளைங்களுக்கே அது ஒரு ஞாபகம். போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டு அழுதுட்டு நின்ன புள்ளைங்கள நான் பாத்திருக்கறேன்.

அந்தியூர் மாணவி எழுதியது:

இன்னிக்கு அதே வார்டு. பெரியம்மாவோட பையனுக்கு நாளைக்கு டிஸ்சார்ஜ். நானாப் போயி "பெரீம்மா, இது எங்களோட கைப்பலகைங்க, ஸ்கூல்ல சிலேட்டு மாதிரி, கணக்குப் போட்டுப் பாத்துட்டு அழிச்சுருவோம்"னு சொல்லி அந்த 42 சொட்டுக் கணக்கப் போட்டும் காட்டுனேன். அவங்க எட்டிப் பாத்துட்டு, "செல்லுலயே சிலேட்டு வெச்சிருக்கறயா"ன்னாங்க. செல்லுங்கற பேரு போகலீங்க, ஆனா திட்டு இல்ல. எங்க கிளாஸ் புள்ளைங்க ரெண்டு நாளா சிலேட்டுன்னே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, கைப்பலகைய அறிவிப்புலயும் ரெக்கார்டு நோட்டுலயும் எழுதிக்கறோம்.

மேடம் சரின்னது இதுதான்:

"இந்த வார்டில் பயிற்சி மாணவிகள் மருந்தின் அளவு, சொட்டுக் கணக்கு, நாடித் துடிப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கக் கைப்பலகை வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு செல்போன் போல இருக்கும். அதில் பேச மாட்டார்கள், படம் எடுக்க மாட்டார்கள், குறித்ததை அழித்துவிட்டுத்தான் செல்வார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள்."

கடைசி வரிய நான்தான் சேத்தேன், புள்ளைங்க எம்மேல கோவமா இருக்கறாங்க. காலைல ஏழரைக்கு ட்யூட்டி, அதுக்குள்ள லேமினேசன் போடோணும். பொறுப்புச் செவிலியர்ங்கறதா, இன்சார்ஜ் சிஸ்டர்னே விட்டுரலாமான்னு மட்டும் யாராச்சும் ஒரு வரில சொல்லுங்க. அதுக்குத் தனியா ஒரு விவாதம் ஆரம்பிச்சுராதீங்க சாமி.