அப்டேட்: பாப்பாவோட வேர்க்குரு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, 3 வயசு பாப்பாவுக்கு கழுத்து முதுகெல்லாம் வேர்க்குரு, ராத்திரி முழுக்க சொறிஞ்சுட்டே தூங்க மாட்டேங்கிறா என்ன பண்றதுன்னு. இப்ப எவ்ளோ பரவால்ல, கழுத்துல மட்டும் லேசா இருக்கு.

பவுடர் கொட்டுறத மொதல்ல நிறுத்துனேன், டாக்டர் சொன்னாங்க வேர்வை வர்ற துவாரம் அடைச்சிக்கிறதாலதான் வேர்க்குருவே வருது, அது மேல பவுடர அப்புனா எப்படின்னு. ரெண்டு வேளை தண்ணி ஊத்தி, மெல்லிசு காட்டன் பனியன் மட்டும். எங்க மாமியார் திருவான்மியூர்ல நுங்கு வாங்கிட்டு வந்து அந்த தண்ணிய தடவுனாங்க, அதுல கொறஞ்சுதா இல்ல பனியன்ல கொறஞ்சுதான்னு எனக்கு தெரியாது, ஆனா வீட்ல க்ரெடிட் முழுக்க நுங்குக்குதான் 😄 பாப்பா தடவ விடாம பாதிய தின்னுட்டா, அது வேற கத.

மத்தியானம் கடல் காத்து வர லேட்டான நாள்லதான் கஷ்டம், வீடே அடுப்பு மாதிரி இருக்கு, அன்னிக்கு பாத்ரூம் வாளிக்குள்ளயே உக்காந்துக்கிறா, வெளிய வர சொன்னா ஒரே அழுகை. அக்னி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, மே 4 வரட்டும் பாப்போம். ஐடியா குடுத்த எல்லாருக்கும் தேங்க்ஸ்ப்பா.