டெலிகனெக்‌ஷன்: ‘தொலைத்தொடர்பு’ வேண்டாம், ‘சேய்மைத் தொடர்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெலிகனெக்‌ஷன் என்ற வானிலையியல் சொல்லுக்கு, அதாவது ஓரிடத்துக் கடல், காற்று மாற்றம் வெகுதொலைவில் உள்ள இன்னோர் இடத்தின் வானிலையோடு தொடர்புறுவதற்கு, தமிழ் தேடும் இந்தப் பேச்சில் இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘தொலைத்தொடர்பு’ என்றே வைத்துவிடலாமே. டெலி என்றால் தொலை, கனெக்‌ஷன் என்றால் தொடர்பு.

ஐயா, சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் சிங்கப்பூரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கைப்பேசிக் கட்டணம் உயர்ந்தாலும் இணையம் தடைப்பட்டாலும் செய்தியில் ‘தொலைத்தொடர்பு நிறுவனம்’ வந்துவிடும். பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதை எல் நினோ என்கிறோம். ‘எல் நினோவின் தொலைத்தொடர்பால் மழை குறைகிறது’ என்று வானொலியில் வாசித்தால் கேட்பவருக்குக் கைப்பேசிக் கோபுரம்தான் நினைவுக்கு வரும்.

பொருளும் இடிக்கிறது. தொலைத்தொடர்பில் அனுப்புபவர், பெறுபவர், செய்தி என்று மூன்றும் உண்டு. பசிபிக் பெருங்கடல் நமக்கு எதையும் அனுப்புவதில்லை. அங்கே நீர் சூடாகும்போது காற்றோட்டம் இடம் மாறுகிறது, அதனால் இங்கே மழை குறைகிறது. 1935இல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் இந்தச் சொல்லை வானிலையியலுக்குக் கொண்டுவந்தபோதும், வெகுதொலைவில் உள்ள இடங்களின் பருவநிலை ஒன்றையொன்று ஒட்டி மாறுவதைத்தான் சொன்னார்.

> புள்ளியியலில் கோரிலேஷனுக்கு ‘ஒட்டுறவு’ என்கிறோம். ‘தொலை ஒட்டுறவு’ என்றால் போதாதா?

இது நல்ல பரிந்துரை. இரண்டு அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி மாறுவதுதான் ஒட்டுறவு. வரலாறும் இதன் பக்கம்தான் தொடங்குகிறது. நம் முன்னோர் வாழ்வோடும் தொட்ட வரலாறு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். மழை பொய்த்ததில் 1877-78இன் வலுவான எல் நினோவுக்குப் பங்கு உண்டு என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. மக்கள் அத்தனை பேர் மடிந்ததற்கு அன்றைய ஆட்சியின் தானியக் கொள்கையும் காரணம். அதை மழையின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. பிறகு 1899இல் மீண்டும் பருவமழை பொய்த்தது. அதை முன்கூட்டிச் சொல்ல இந்திய வானிலைத் துறையால் முடியவில்லை. 1904இல் அந்தத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர். பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கோட்பாடு எதையும் நம்பி அவர் இறங்கவில்லை. உலகெங்கும் இருந்து காற்றழுத்தம், மழை, வெப்பநிலைப் பதிவுகளைச் சேர்த்து, எது எதோடு ஒட்டி மாறுகிறது என்று பார்த்தார். அந்த ஒட்டுறவுக் கணக்குகளை அலுவலகத்தில் இந்தியக் கணக்கர்கள் கையாலேயே போட்டார்கள். பசிபிக் பக்கம் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைவதும், பின்னர் அது தலைகீழாவதும் தராசுத் தட்டுகள் போல நடப்பதை அவர் கண்டார். 1920களில் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

ஆனால் பலர் நம்பவில்லை. எண்கள் பொருந்துகின்றன, சரி, ஏன் பொருந்துகின்றன என்று கேட்டார்கள். வாக்கரிடம் பதில் இல்லை. பதில் 1969இல்தான் வந்தது. நார்வேயைச் சேர்ந்த, அமெரிக்காவில் பணியாற்றிய வானிலை ஆய்வாளர் ஜேக்கப் பியர்க்னஸ், 1957-58 எல் நினோவின்போது கிடைத்த அளவீடுகளை வைத்து, வாக்கரின் காற்றழுத்த அலைவும் பெரு நாட்டு மீனவர்கள் பெயரிட்ட எல் நினோவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று காட்டினார். வழக்கமான ஆண்டில் வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. பெருவின் கரையோரம் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. மேற்கில் காற்று மேலெழுந்து மழை பெய்கிறது, கிழக்கில் காற்று கீழிறங்குகிறது. இந்தச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே பியர்க்னஸ் வைத்தார். காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே நகரும். கிழக்கு சூடானால் இரு பக்கத்து அழுத்த வேறுபாடு குறையும். அது குறைந்தால் காற்று இன்னும் தளரும்.

காரணம் தெரிந்த பிறகும் ‘ஒட்டுறவு’ என்றே அழைத்தால், பியர்க்னஸுக்கு முந்தைய நிலையிலேயே சொல்லை நிறுத்துகிறோம். காரணமே இல்லாமல் இரண்டு எண்கள் பொருந்தினாலும் அது ஒட்டுறவுதான். டெலிகனெக்‌ஷன் அப்படி இல்லை, அதற்கு இயற்பியல் வழி ஒன்று இருக்க வேண்டும்.

> அப்படியானால் ‘தொலைப்பிணைப்பு’? உறுதியாக இருக்கிறதே.

உறுதிதான் எனக்குத் தடை. இரண்டு காரணங்கள்.

ஒன்று, ‘பிணைப்பு’ நமக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது. கடலும் வளிமண்டலமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போவதாக மேலே சொன்னேனே, அதை ஆய்வாளர்கள் கப்ளிங் என்கிறார்கள். காற்று கடலை மாற்றுகிறது, மாறிய கடல் காற்றை மாற்றுகிறது, விடவே விடாது. ‘கடல்-வளி பிணைப்பு’ அதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போல இருக்கிறது. டெலிகனெக்‌ஷனில் இந்த இருவழி கட்டாயமில்லை. சிங்கப்பூரில் மழை குறைந்தது என்பதற்காகப் பசிபிக் மாறப்போவதில்லை.

இன்னொன்று, நம் ஊரின் அனுபவம். எல் நினோவைக் கணிக்கப் பார்க்கும் நடுப் பசிபிக் பகுதியின் மேற்கு எல்லையே நமக்கு 9,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இருந்தும் 1997இன் பெரிய எல் நினோவின்போது சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பெய்தது ஏறத்தாழ 1,119 மில்லிமீட்டர்தான். வழக்கமாகப் பெய்வதில் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவு அது. 2015இல் மறுபடியும் வலுவான எல் நினோ. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிநிலங்கள் எரிந்து, புகைமூட்டத்தால் செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூட வேண்டியிருந்தது. இதைப் பார்த்தால் பிணைப்பு என்று சொல்லத் தோன்றும்தான். ஆனால் 2014 தொடக்கத்தில் வாரக்கணக்கில் மழையே இல்லாமல் புல்வெளிகள் பழுப்பேறியபோது எல் நினோ இல்லை. 2019இல் புகைமூட்டம் வந்தபோது பெரிய காரணம் இந்தியப் பெருங்கடலில் இருந்தது: சுமத்ராப் பக்கம் நீர் குளிர்ந்து, ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகும் இருமுனை நிலை. 1999இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. எல் நினோ வரும் ஆண்டிலும் அதன் பிடி நம்மிடம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில்தான் இறுகும். ஆண்டிறுதியின் வடகிழக்குப் பருவத்தில் அது தளர்ந்துவிடும்.

பருவத்துக்குப் பருவம் இறுகித் தளரும் ஒன்றைப் பிணைப்பு என்றால், எல் நினோ வந்ததும் வறட்சி நிச்சயம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அப்புறம் மழை பெய்துவிட்டால் அறிவியலே பொய் என்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ‘தொடர்பு’ பக்கம் நிற்கிறேன். தொடர்பு இருக்கலாம், விடலாம், வலுக்கலாம், மெலியலாம். நம் பேச்சிலேயே அந்த நெகிழ்வு உண்டு.

சரி, முன்பகுதிக்கு வருவோம். ‘தூரத் தொடர்பு’ எளிமைதான். ஆனால் தூரத்துச் சொந்தம் என்றால் பெயரளவுக்கு மட்டும் உள்ள உறவு என்றல்லவா நாம் புரிந்துகொள்கிறோம்? 1997ஐ நினைத்தால் இதை அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே ‘சேய்மை’. இலக்கியச் சொல், மாணவர்களுக்குப் புரியாது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுட்டெழுத்துப் பாடத்தில் ‘இவன்’ அண்மை, ‘அவன்’ சேய்மை என்று படித்தவர்களுக்கு இது பழகிய சொல்தான். அண்மை என்ற இணை கூடவே இருப்பது இன்னும் நல்லது. பக்கத்து ஜொகூர் நீரிணையில் தொடங்கி நம் தலைக்கு மேல் பெய்யும் மழைக்கும் பெருவின் கரையோர வெப்பத்தோடு இருக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை ‘அண்மை’, ‘சேய்மை’ என்ற இரண்டு சொற்களாலேயே சொல்லிவிடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: சுருக்கி ‘சேய்த்தொடர்பு’ என்று மட்டும் எழுத வேண்டாம். தாய்சேய் நலம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது குழந்தை என்றே தெரியும். எல் நினோ என்ற பெயருக்கே சிறுவன் என்பதுதான் பொருள், அதனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘பசிபிக் வெப்பத்துக்கும் தென்கிழக்காசிய வறட்சிக்கும் சேய்மைத் தொடர்பு உண்டு.’
‘எல் நினோவின் சேய்மைத் தொடர்புகள் ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே வலுவாகத் தெரியும்.’
‘கடல்-வளி பிணைப்பு தளர்ந்ததும் சேய்மைத் தொடர்பும் மறைந்தது.’

மூன்றாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு கருத்தும் தனித்தனியாக நிற்கின்றன, வாயிலும் தடங்கவில்லை.

இலங்கை நண்பர்கள் உங்கள் பாடநூல்களில் இதற்கு வேறு வழக்கு இருந்தால் சொல்லுங்கள். அது நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே பொருளுக்கு இரு கரைகளில் இரு சொல் வேண்டாம்.

அப்புறம், இதை முடித்ததும் ‘மாரிடைம் காண்டினென்ட்’ என்பதை எடுக்க வேண்டும். இந்தோனேசியத் தீவுகளும் மலாயாவும் போர்னியோவும் சேர்ந்த நம் வட்டாரத்துக்கு 1968இல் காலின் ரேமேஜ் வைத்த பெயர் அது. ‘தீவுக்கண்டம்’ என்றால் ஆஸ்திரேலியாவோடு குழம்பும். ‘கடலிடைக் கண்டம்’ என்று வைக்கலாமா? நிலமும் கடலும் கலந்து கிடப்பதால்தான் இங்கே இவ்வளவு இடிமழை, அந்தக் கலப்பு பெயரில் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து