செட்டிநாட்டு ஊர்களில் உங்களுக்கு நேர்ந்த, இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வழிப்போக்கன்:

கானாடுகாத்தானைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை என்பதால் நேராகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் பின்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களை உள்ளே அழைத்தார். முகப்பையும் பட்டாலையையும் பர்மா தேக்குத் தூண்களையும் நான் வர்ணிக்கப் போவதில்லை. வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக இருந்த அறைகளில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பூட்டு தொங்கியது. வளவு முழுவதையும் அவர் அப்போதுதான் பெருக்கி முடித்திருந்தார். ஆனால் வடக்குப் பக்கம் இருந்த ஓர் அறையின் வாசலில் மட்டும், அந்தக் கதவின் அகலத்துக்குச் சரியாக, இரண்டடி நீளத்துக்குத் தூசியும் சருகும் புறா எச்சமும் கிடந்தன. துடைப்பம் அங்கே வந்து நின்று திரும்பியிருந்த தடம் தரையில் தெளிவாகத் தெரிந்தது.

ஏன் என்று கேட்டேன். "அவுக பங்குக்குச் சம்பளம் தர்றதில்ல தம்பி. நான் பெருக்கினா, எங்க காசுல அவுக வாசலை எதுக்குப் பெருக்குறேன்னு மத்த பங்காளிமாரெல்லாம் கேப்பாக" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, கேலியும் இல்லை. அந்தக் கதவின் இடுக்கில் மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு திருமண அழைப்பிதழ் செருகப்பட்டிருந்தது. யாரும் திறக்காத கதவுக்கு யார் அழைப்பு வைத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் விளக்கை அணைத்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார். எத்தனையோ கோயில்களையும் கோட்டைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டடித் தூசி அளவுக்கு எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

கட்டடப் பித்தன்:

என்னுடையது சிறியது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் கலந்த கலவையைக் கொட்டி அழுத்துவார்கள் என்பதைக் காணொளிகளில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்த பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளி அச்சே இல்லாமல், கையை ஒரு முறை சுழற்றி, பச்சைக்குள் மஞ்சள் பூவை இறக்கினார். அந்தக் கல்லைத்தான் வேண்டும் என்று கேட்டேன். "எங்க போடப் போறீக?" என்றார். சென்னையில் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்போகிறேன் என்றேன்.

அவர் முகம் மாறிய விதத்தை என்னால் எழுத முடியவில்லை. "சுவத்துல மாட்டினா அப்படியேதான் சார் இருக்கும். மிதிக்க மிதிக்கத்தான் பளபளப்பு ஏறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கல் இப்போது என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

மூன்றாம் கட்டு:

வழிப்போக்கன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பங்குக்காரன். நீங்கள் பார்த்த வீடு எங்களுடையது அல்ல என்று நம்புகிறேன், ஆனால் இருந்தாலும் வியப்பில்லை. நீங்கள் அந்தத் தூசியை உறவு முறிந்ததன் அடையாளமாக எடுத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. நான் அதை ஏற்கவில்லை. அழைப்பிதழைக் கவனித்த நீங்கள் அதன் பொருளைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனித்தனியே அழைப்பு வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆள் இல்லாத வீட்டிலும் அவருடைய அறைக் கதவில் வைத்துவிட்டுப் போவார்கள். வைக்காமல் விட்டிருந்தால்தான் சண்டை முற்றிவிட்டது என்று பொருள். பெருக்கும் கூலியில் கணக்குப் பார்க்கும் அதே பங்காளிகள்தான் அந்த அழைப்பையும் வைத்திருப்பார்கள்.

ஏன் விற்றுவிட்டுப் போகவில்லை, ஏன் பழுதுபார்க்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். இந்த வீடுகள் ஒருவருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை, பின்கட்டில் தனி அடுப்பு என்று கட்டினார்கள். ஐயா காலத்தில் நான்கு பங்காக இருந்தது இன்று முப்பதுக்கும் மேல் பங்காகிவிட்டது. மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989 இலும், நாடு முழுவதும் 2005 இலும் சட்டமானது. அது நியாயமானது, ஆனால் ஒரு கூரைக்கு ஓடு மாற்ற இப்போது மூன்று நாடுகளில் உள்ளவர்களின் சம்மதம் வேண்டும். கட்டிய பணம் வந்த வழியும் அடைந்துவிட்டது. 1930 களில் நெல் விலை சரிந்தபோது, எங்கள் முன்னோர் வட்டிக்குக் கொடுத்திருந்த கடனுக்கு ஈடாகப் பர்மாவில் வயல்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1942 இல் ஜப்பானியப் படை வந்தது. 1948 இல் அங்கே நிலம் அரசுடைமைச் சட்டம் வந்தது. வயல் போயிற்று, வீடு நின்றது. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரிசலைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பாருங்கள், அதன் பிறகு பேசுவோம்.

என் சந்திப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் படைப்பு நடந்துகொண்டிருந்தது. இறந்த முன்னோருக்குச் செய்யும் வழிபாடு அது. பங்காளிகளைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள். முன்கதவு திறந்திருந்ததால் ஓர் ஆட்டோக்காரர் நான்கு பயணிகளை உள்ளே அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த எங்கள் அப்பத்தாவின் சேலையைத் தொட்டுப் பார்த்து, இது விலைக்கா என்று கேட்டார். எங்கள் பெரிய ஆச்சி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினார். நாங்கள் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பழம்பொருள் பிரியை:

சேலையைத் தொட்டவரைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு நான் போவதுண்டு. எனாமல் தூக்குகள், மரப்பாச்சிகள், தேக்குக் கதவின் நிலைகள், தஞ்சாவூர் ஓவியங்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள் எல்லாம் பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து அங்கே வந்து சேர்கின்றன. நான் உள்ளே நின்றபோது ஒரு பெண்மணி, செதுக்கு வேலை நிறைந்த கறுப்புச் சட்டம் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சட்டத்துக்குள் ஒரு தம்பதியின் நிழற்படம். கணவர் நாற்காலியில், மனைவி கழுத்தில் கழுத்திரு என்னும் பெரிய தாலியுடன் நிற்கிறார், அவர் கை நாற்காலியின் முதுகைத் தொடவில்லை, ஒரு விரல் இடைவெளியில் இருந்தது. விலை படிந்ததும் அந்தப் பெண்மணி, "படம் வேண்டாம், அதை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் கொடுங்கள், கண்ணாடி மாட்டப் போகிறேன்" என்றார்.

கடைக்காரர் பின்பலகையின் ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். படத்தை வெளியே எடுத்து, வாயால் ஊதித் தூசி தட்டி, மேசைக்கு அடியில் இருந்த ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தார். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே அதேபோல் நிறையப் படங்கள் நின்றவாக்கில் அடுக்கப்பட்டிருந்தன. அவர் அவற்றை எறியவும் இல்லை, விற்கவும் இல்லை. எதற்காக வைத்திருக்கிறார் என்பதை நான் கேட்கவில்லை.

ரயில் நேசன்:

நான் இறங்கியது செட்டிநாடு ரயில் நிலையத்தில். நடைமேடையில் இறங்கியவன் நான் ஒருவன்தான், நிலையப் பணியாளர் என் பயணச்சீட்டை வாங்கிப் பார்க்காமல், "ஊர்ல யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். எந்தக் கல்யாணமும் இல்லை, சும்மா வந்தேன் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களின் சிக்கல்களில் பாதி, முறையறியாமல் போவதால் வருவது என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். திருச்சி–காரைக்குடி தடத்தில் உள்ள அந்த நிலையத்தில் எல்லா விரைவு ரயில்களும் நிற்பதில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்கிப் பேருந்து பிடிப்பதே எளிது, கானாடுகாத்தான் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். மார்கழியும் தையும் நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கும், தையில் திருமணங்களுக்கும் வெளியூர்க்காரர்கள் திரும்பி வருவதால் அடைத்துக் கிடந்த வீடுகள் திறந்திருக்கும். திறந்திருக்கிறது என்பதற்காக நுழையக் கூடாது என்பது மூன்றாம் கட்டு எழுதியதிலிருந்து விளங்கும். தைப்பூசத்தையொட்டி நகரத்தார் (இவ்வூர்ச் செட்டியார்கள்) காவடி குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து செல்லும் நாட்களில் ஊரில் பலர் இருக்கமாட்டார்கள். நண்பகலுக்குப் பிறகு நான்கு மணி வரை எந்தக் கதவையும் தட்டாதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் இருக்கின்றன, ஆத்தங்குடிப் பெரிய வீடு அவற்றில் ஒன்று. முதலில் அங்கே போய் ஆசையைத் தீர்த்துக்கொண்டால் மற்றவர்களின் வாசலில் நின்று எட்டிப் பார்க்கத் தோன்றாது. ஊர்ப் பொதுக் குளங்களில் குடிநீர் ஊருணி, குளிக்கும் ஊருணி என்று தனித்தனியே உண்டு. சுற்றுச்சுவரும் படித்துறையும் கட்டிக் காவல் போட்டிருந்தால் அது குடிநீருக்கு என்று புரிந்துகொண்டு, செருப்போடு படியில் இறங்காதீர்கள். வீட்டைத் திறந்துவிடும் அம்மாவுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்; ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மீதி கேட்பதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை. வீடுகளை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டிருப்பதால், பின்தெருவில் நடந்தால்தான் ஒரு வீட்டின் நீளம் காலுக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுபோங்கள். தொப்பியும்.

ஊருணிக்கரை:

ரயில் நேசனின் அறிவுரைகளில் ஊருணியைப் பற்றியதைத் தவிர மற்றவை எல்லாம் வீடுகளைப் பற்றியவை என்பதைக் கவனித்தேன். நான் அந்த ஊர்க்காரி. நகரத்தார் அல்ல. எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கிறது. எங்கள் வீடு ஓட்டு வீடு, தெரு முனையில் இருக்கிறது. 2014 இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு ஊரைப் பற்றி வெளிவந்த கட்டுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். "ஆளரவமற்ற தெருக்கள்" என்று எழுதாதவர்கள் குறைவு. அந்தத் தெருவில் காலை ஐந்து மணிக்குப் பால்காரர் வருகிறார், ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள், ஆடுகள் திரும்பும்போது பேருந்தே நின்றுதான் போகும். எங்களை யாரும் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் உண்மை.

என் பாட்டி ஒரு பெரிய வீட்டில் இளம்வயதிலிருந்து வேலை பார்த்தவர். வீடு அடைக்கப்பட்ட பிறகும் மாலையில் அதன் வெளித்திண்ணையில் போய் உட்காருவார். பங்குக்காரர்கள் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு நாள் மணமக்கள் உடையில் இருவரும், படம் பிடிக்கிறவர்கள் ஐந்தாறு பேரும் வந்தார்கள். படம் பிடிப்பவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்: "பாட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா, பழைய வீடு மாதிரி வரணும்." பாட்டி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்த் தெருவோரம் போய் நின்றார். அவர்கள் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் போய்ச் சண்டை போடட்டுமா என்று கேட்டபோது, "விடு, பொண்ணு நல்லா இருக்கா" என்றார். அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கட்டடப் பித்தனுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கல்லில் மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். தரையில் பதிப்பதற்கு ஈடாகாது. ஆனால் மங்காமல் இருக்கும்.

வழிப்போக்கன்:

மூன்றாம் கட்டுக்கு: அழைப்பிதழைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அது எனக்குத் தெரியாத வழக்கம். தூசியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. கணக்கைப் பங்காளிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். துடைப்பத்தைக் கையில் வைத்திருக்கிறவர் அந்தக் கணக்கைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் உறுத்தல். அந்த அம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை நீங்களும் எழுதவில்லை.

மூன்றாம் கட்டு:

குறைவாகத்தான் கொடுக்கிறோம். அதை மறுக்கமாட்டேன்.

பழம்பொருள் பிரியைக்கு ஒரு கேள்வி. எங்கள் வளவில் மாட்டியிருந்த படங்களில் சில, கூரை பழுதுபார்த்தபோது காணாமற்போயின. நீங்கள் பார்த்த படத்தில் கணவர் தலைப்பாகை கட்டியிருந்தாரா? பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்ததா?

பழம்பொருள் பிரியை:

தலைப்பாகை இல்லை, நெற்றியில் திருநீறு, தோளில் மடித்த சரிகை அங்கவஸ்திரம். அட்டையின் பின்பக்கம் ஒரு நிழற்பட நிலையத்தின் முத்திரை இருந்தது. அதில் ரங்கூன் என்ற ஊர்ப்பெயர் மட்டும் படிக்க முடிந்தது. கோவில் பக்கத்திலிருந்து நுழைந்தால் இடக்கைப் பக்கம், வாசலில் மரக்குதிரை நிற்கும் கடை. பத்து மணிக்கு முன்னால் திறப்பதில்லை. பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. நீங்களாகக் கேட்காவிட்டால் வெளியே எடுக்கமாட்டார்.