கப்பல், மீன், நரி, கடிதம், மலை – இந்த வரிசைய எப்படிப் படிக்கிறது?

பாம்பன்காரி:

எல்லாருக்கும் வணக்கம். லெனார்மாண்ட்ங்கிற ஜோசியப் படக் கார்டு கத்துக்க ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது, எல்லாம் யூடியூப் பாத்துதான். 36 படத்தையும் ராம்நாட்ல ஒரு ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், கலைக்கும்போது கைய விட்டு வழுக்கிட்டு ஓடுது, அது வேற கதை.

விஷயம் என்னன்னா என் தம்பி விசைப்படகுல போயிட்டிருந்தான். இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகெல்லாம் கரையிலதான் கெடக்கும், சும்மா வீட்டுல உக்காந்திருக்கவன் காதுல யாரோ பஹ்ரைன் மீன்பிடி விசான்னு ஊதிவிட்டுட்டாங்க. ஏஜென்ட் ஒருத்தர் 90 ஆயிரம் கேக்குறாரு, பாதி இப்ப, மீதி டிக்கெட் வந்ததும். அம்மா சங்கிலிய அடகு வைக்கலாம்னு பேச்சு ஓடுது. அதான் "தம்பி இந்த விசால போனா என்ன ஆகும்"னு கேட்டு அஞ்சு கார்டு எடுத்தேன். கப்பல், மீன், நரி, கடிதம், மலை, இந்த வரிசையில.

எனக்கு கப்பலும் மீனும் ஒட்டி வந்ததுமே சந்தோஷம் தாங்கல. கடல் தாண்டுறான், மீன்பிடி வேலை, நரின்னா புத்திசாலித்தனமா பொழச்சுக்குவான், கடிதம் விசா, மலைன்னா மலையளவு சம்பாதிப்பான்னு நானா சொல்லிக்கிட்டேன். ஆனா மனசு கேக்காம இன்னும் ரெண்டு தடவை எடுத்தேன், ஒரு தடவை கப்பல் + எலி, அடுத்த தடவை எலி + கப்பல். ரெண்டும் ஒன்னுதானா இல்ல வேற வேறயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள காசு கட்டணுமாம்.

உச்சிப்புளி சீட்டு:

தங்கச்சி, ஒரே கேள்விக்கு மூணு தடவை கலைச்சா மூணாவது தடவை வர்ற கார்டு பதில் சொல்லாது, உங்க பயத்தத்தான் திருப்பிச் சொல்லும். கிளி ஜோசியக்காரர்கூட கிளிய ஒரு சீட்டு எடுத்ததும் கூண்டுக்குள்ள தள்ளிருவாரு, இன்னொரு சீட்டு வேணும்னா இன்னொரு காசு. மொத வரிசைய மட்டும் வச்சுக்குங்க. எலி, கப்பல வச்சு ஜோடி படிக்கிறது எப்படின்னு மட்டும் சொல்றேன்.

இது டாரோங்கிற இன்னொரு ஜோசியச் சீட்டு மாதிரி இல்ல. ஒத்தக் கார்டு இங்க பேசாது, பக்கத்துக் கார்டோட சேந்துதான் பேசும். தலைகீழா விழுந்தாலும் கணக்கில்ல, நிமித்தி வச்சுக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். இடமிருந்து வலம், மொத கார்டு விஷயம், அடுத்த கார்டு அது எப்படிப்பட்ட விஷயம்னு சொல்ற அடைமொழி. நம்மாளுங்க எல்லாரும் வழுக்கி விழுறது இந்த எடத்துலதான். தமிழ்ல அடைமொழி முன்னாடி வரும், நாறின மீன்னு சொல்வோம், மீன் நாறினன்னு யாரும் சொல்றதில்ல. கார்டு அதுக்கு நேர் மாறு. அதனால நான் ஜோடிய எப்பவும் பின்னாலருந்துதான் படிப்பேன். கப்பல் + எலி வந்துச்சா, எலி அரிச்ச கப்பல், போற பயணமே ஓட்டை. எலி + கப்பல் வந்துச்சா, அங்க விஷயமே எலிதான், கப்பல் அடைமொழி, அதாவது வீட்டுல ஏதோ கொஞ்சம் கொஞ்சமா கரையுது, கரையிறதுக்குக் காரணம் பயணம். மொதல்லதுல பயணம் கெட்டுப்போகும், ரெண்டாவதுல பயணம் நடந்தாலும் வீடு காலியாகும். ரெண்டும் ஒன்னு இல்ல.

இப்ப உங்க வரிசை. கப்பல் + மீன், காசுக்காகப் போற பயணம். மீன்னதும் மீன்பிடின்னு எடுத்துட்டீங்க, கடற்கரையில பொறந்தவங்க எல்லாரும் அப்படித்தான் எடுப்போம், ஆனா இதுல மீன்னா பணப்புழக்கம், யாவாரம். (கார்டோட வந்த பழைய விளக்கத்தாள்ல மீன் கேக்குற ஆளோட கார்டுக்குப் பக்கத்துல விழுந்தா கடல் தொழில்ல பெரிய செல்வம், தூரத்துல விழுந்தா போட்ட முதல் போச்சுன்னுதான் இருக்கு, ஆனா அது 36ஐயும் விரிச்சு வச்சு தூரம் பாக்குற முறை, அஞ்சு கார்டுக்கு ஒட்டாது.) அடுத்து மீன் + நரி. பின்னாலருந்து படிங்க, நரி வாய் வச்ச காசு. நரி + கடிதம், காயிதத்துல நடக்குற தந்திரம். கடிதம் + மலை, மலை மறிச்ச காயிதம். 21ம் நம்பர் மலை தடைதான் தங்கச்சி, உயரம் இல்ல. நம்ம ஜில்லாவுல மலையே கெடையாது, கெந்தமாதன பர்வதம்கூட ஒரு மேடுதான், அதான் மலைன்னதும் நமக்கு ஆசையா இருக்கு!

இன்னொன்னு, வரிசைய நடுவுல மடிச்சுப் பாக்கணும். மொத கார்டும் கடைசிக் கார்டும் சேருது, கப்பல் + மலை, மறிபட்ட பயணம். ரெண்டாவதும் நாலாவதும் சேருது, மீன் + கடிதம், எழுத்துல இருக்குற காசு, அதாவது ரசீது. மடிப்புல தனியா உக்காந்திருக்கது நரி. ஏஜென்ட் ரசீது குடுப்பாரான்னு கேட்டீங்களா?

தொண்டி அக்கா:

அண்ணன் சொன்ன வரிசை முறை சரிதான், நரி விஷயத்துல மட்டும் எனக்கு ஒப்பல. நரின்னாலே ஏமாத்துன்னு எடுக்குறது ஒரு பழக்கம், ஆனா நரிய வேலைன்னு எடுக்குறவங்களும் நெறைய பேர் இருக்காங்க, நானும் அப்படித்தான் எடுப்பேன், தெனம் அலைஞ்சு இரை தேடுற பொழப்புதானே நரிக்கு. சில பேரு நங்கூரத்த வேலைன்னு வைப்பாங்க, சில பேரு நிலாவ. நான் வைக்கிற மாதிரி வச்சா மீன் + நரி வேலைக்கான காசு, நரி + கடிதம் வேலை ஒப்பந்தம், மலை தாமதம். மொத்தத்துல வேலை இருக்கு, பேப்பர் லேட்டாகும், அவ்வளவுதான். அதே அஞ்சு கார்டு, ரெண்டு கதை. அதனாலதான் கலைக்கிறதுக்கு முன்னாடியே நரி எனக்கு இதுதான்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுரணும்ங்கிறது, வந்த பிறகு தோதுக்குத் தக்கன மாத்துனா அது படிக்கிறது இல்ல, பேரம் பேசுறது. நீ எது எழுதி வச்சிருந்தே?

இன்னொரு சந்தேகம். ஜெராக்ஸ் பிரிண்ட்ல நரியும் நாயும் ஒரே மாதிரி இருக்கும், நான் ஒரு தடவை மாத்திப் படிச்சு ஒரு புள்ளைய அழ வச்சிருக்கேன். நம்பரப் பாரு, 14 நரி, 18 நாய். நாய்னா நம்பிக்கையான ஆளு, கதையே மாறிப்போகும். நம்பர் அழிஞ்சிருந்தா மூலையில சின்னதா சீட்டு இருக்கும், நரிக்கு கிளாவர் 9, நாய்க்கு ஆர்ட்டின் 10. இந்தக் கட்டுல கிளாவர் வந்தாலே பெரும்பாலும் தலைவலிதான், பாம்பு, மேகம், எலி, சாட்டை, மலை, சிலுவை எல்லாம் கிளாவர், மோதிரம் மட்டும் ஏதோ தப்பிப் பொறந்திருக்கு.

அப்புறம் லேமினேட்டோட மல்லுக்கட்டாத. சாதா சீட்டுக்கட்டு ஒன்னு வாங்கி 2, 3, 4, 5 எல்லாம் உருவிப் போட்டா மிச்சம் 36. மொதல்ல இந்த லெனார்மாண்ட் கட்டு ஜோசியக் கார்டே இல்ல, 1799 வாக்குல ஜெர்மனி நியூரம்பர்க்ல ஹெக்டல்ங்கிறவரு போட்ட பகடை விளையாட்டு, ஆறுக்கு ஆறா அடுக்கி ரெண்டு பகடை உருட்டுவாங்க, 35ம் கட்டம் நங்கூரம், அங்க போய் நின்னவன் ஜெயிச்சான். பிரான்ஸ்ல ஜோசியம் சொன்ன லெனார்மாண்ட் அம்மா 1843ல செத்த பிறகுதான் அவுங்க பேர இதுக்கு ஒட்டி வித்தாங்க, அந்தம்மா இந்தக் கட்டத் தொட்டதா ஒரு ஆதாரமும் இல்ல.

மண்டபம் மாமா:

எனக்கு சீட்டுன்னா ரம்மிதான் தெரியும். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா நாங்க படகெடுக்க மாட்டோம், கடலுக்குப் போற டோக்கனும் குடுக்க மாட்டாங்க, அந்தக் கூண்ட யாரும் சீட்டு கலைச்சு ஏத்தல. நரியா நாயாண்டு நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துரும். அதனால நான் தெரிஞ்சத சொல்லிட்டுப் போயிர்றேன்.

எங்க மச்சினன் மகன் இப்படித்தான் ஒரு ஆளுகிட்ட காசக் கட்டி அங்கிட்டுப் போய் இறங்குனா கையில இருந்தது டூரிஸ்ட் விசா. படகு வேலைக்கும் போக முடியல, ஊருக்கும் வர முடியல, ரூம்ல எட்டுப் பேரு, திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு நாங்க இங்கிட்டு இருந்து காசு அனுப்புனோம். குடுத்த காசுக்கு ஒரு துண்டுச்சீட்டு இல்ல, எங்க போய்க் கேக்குறது?

ஏஜென்ட்னா மத்திய அரசுல பதிவு பண்ணிருக்கணும், அவருக்கு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கும், அத வாங்கி அரசாங்கத்தோட இ-மைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல போட்டுப் பாருங்க. பதிவு பண்ணவங்க வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், 90க்கு கணக்கே இல்ல. தம்பி பத்தாவது முடிக்கலேண்டா பாஸ்போர்ட் இ.சி.ஆர். (எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு) ஆகத்தான் இருக்கும், பஹ்ரைன் வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ்ங்கிற அரசு அனுமதி வேணும், அது இல்லாம அனுப்புறேன்னு சொல்றவன் ஏமாத்துறான். சந்தேகமாண்டா சென்னைல வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான அரசு ஆபீஸ், புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்னு இருக்கு, போன் போட்டுக் கேளுங்க.

பாம்பன்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நம்பர் பாத்துட்டேன், 14தான், கிளாவர் 9. நோட்டுல நரிக்கு எதிர்ல நான் "தந்திரம், ஏமாத்து, ஜாக்கிரதை"ன்னுதான் எழுதி வச்சிருக்கேன், தம்பிக்காக எடுக்கும்போது மட்டும் புத்திசாலித்தனமா மாறிருச்சு, நீங்க சொன்ன பேரம் இதுதான் போல. அம்மாட்ட கார்டக் காமிச்சா "இது என்னடி நரி, நம்ம ஐஸ் கம்பெனி வாசல்ல படுத்துக் கெடக்கே அந்த நாய் மாதிரில்ல இருக்கு"ங்குது.

மாமா சொன்ன மாதிரி நேத்து சாயங்காலம் தம்பிய விட்டு ஏஜென்டுக்கு ஸ்பீக்கர்ல போன் போடச் சொன்னேன். லைசென்ஸ் நம்பர் கேட்டதும் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னாரு. ரசீது குடுப்பீங்களான்னு கேட்டதும் "தம்பி இதெல்லாம் நம்பிக்கையில நடக்குறது, ரசீது கேக்குறவங்களுக்கு நான் பண்றதில்ல"ன்னு ஒரு மாதிரி இழுத்தாரு. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நம்பர் வரல, போன் போட்டா ரிங் போயிட்டே இருக்கு. தம்பி மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு பாலத்துப் பக்கம் போயி உக்காந்திருக்கான். சங்கிலி அம்மா கழுத்துலதான் இருக்கு.

பெட்டிக்கடையில சீட்டுக்கட்டு வாங்கிட்டேன். 2, 3, 4, 5 எடுத்தாச்சு, ஏஸ் நாலையும் எடுக்கணுமா வேணாமா?

தொண்டி அக்கா:

ஐயையோ எடுத்துறாத, ஆர்ட்டின் ஏஸ் ஆம்பளக் கார்டு, அதுதான் உன் தம்பி. இஸ்பேட் ஏஸ் பொம்பளக் கார்டு, அது நீ.