16550 என்று சொல்லிக்கொள்ள எந்த சிப்புக்குத் தகுதி?

சிலிக்கான்சித்தன்:
புது போர்டு ஒன்றுக்கு, அதில் என்னென்ன சிப் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ எழுதிக்கொண்டிருக்கிறேன். சீரியல் போர்ட்டை நடத்தும் யூஆர்ட், டிசைன்வேர் என்ற ஆயத்த வடிவமைப்பு. எந்த டிரைவர் பொருந்தும் என்று காட்டும் கம்பாட்டிபிள் பட்டியலில் முதலில் எங்கள் சிப்பின் பெயர், அடுத்து டிசைன்வேரின் பெயர், கடைசியில் பழைய 16550 யூஆர்ட் வகையின் பொதுப் பெயரான என்எஸ்16550ஏ. அந்தக் கடைசிப் பெயரை எடுத்தால்தான் பேட்ச் லினக்ஸ் கர்னலுக்குள் போகும் என்கிறார்கள் அதன் பராமரிப்பாளர்கள். ரெஜிஸ்டர்கள் 16550 போலவேதான் இருக்கின்றன. நான்கு பைட் இடைவெளியையும் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். பூட் ஆனால் கன்சோலில் எழுத்து வருகிறது. இதற்கு மேல் என்ன பொருத்தம் பார்க்க வேண்டும்?

கர்னல்காவலன்:
பூட்டின் தொடக்கத்தில் எழுத்து வரும், மறுக்கவில்லை. அப்போது இன்டரப்ட்டே (சிப் டிரைவரைக் கூப்பிடும் சைகை) கிடையாது. அதற்குப் பிறகு பாருங்கள். போர்ட் வேலையாக இருக்கும்போது லைன் அமைப்பை வைத்திருக்கும் எல்சிஆர் ரெஜிஸ்டரில் எழுதப்போனால், டிசைன்வேர் அதை ஏற்காமல் ‘பிஸி’ இன்டரப்ட் ஒன்றை எழுப்பும். யூஎஸ்ஆர் என்ற நிலை ரெஜிஸ்டரைப் படித்தால்தான் அது அடங்கும். 16550இல் அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லை, ஆகவே பொது டிரைவர் அதைப் படிக்கப்போவதும் இல்லை. இன்னும் மோசம், எந்த இன்டரப்ட் என்று சொல்லும் ஐஐஆர் ரெஜிஸ்டரில் அந்த நேரத்தில் வரும் மதிப்பு 7. கடைசி பிட் 1 என்றால் 16550 கணக்கில் ‘இன்டரப்ட் எதுவும் இல்லை’ என்று அர்த்தம். சிப் கத்திக்கொண்டே இருக்கும், டிரைவர் எதுவும் நடக்கவில்லை என்று திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கர்னல் அந்த லைனையே மூடிவிடும்.

சிலிக்கான்சித்தன்:
ஓடும்போது எல்சிஆரை மாற்றுவது எத்தனை தடவை நடக்கும்? 16550 மட்டுமே தெரிந்த ஒரு சின்ன ஓஎஸ் இந்த போர்டில் ஏறினால், அந்தப் பொதுப் பெயர் இருந்தால்தான் கன்சோலே கிடைக்கும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. முழுசாக வேலை செய்யாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

நடுநிசிகம்பைலர்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. உங்கள் யூஆர்ட்டில் பிஸி வசதி உண்மையிலேயே இருக்கிறதா? டிசைன்வேரை சிப்பில் சேர்க்கும்போதே ‘16550க்குப் பொருந்துமாறு’ என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் பிஸி வசதி வராது. டிவைஸ் ட்ரீயில் அதைச் சொல்லவே தனி ப்ராபர்ட்டி இருக்கிறது. ஒரே பெயருள்ள ஐபி (ஆயத்த வடிவமைப்பு), ஒரு சிப்பில் தகுதியோடு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. முதலில் ஹார்ட்வேர் குழுவைக் கேளுங்கள்.

கர்னல்காவலன்:
நல்ல கேள்வி. என் அளவுகோல் இதுதான்: பொது விவரக்குறிப்பை மட்டும் படித்து எழுதிய டிரைவர், இந்த சிப்பைப் பற்றி வேறெதுவும் தெரியாமலே, அந்தக் குறிப்பு சொல்லும் அத்தனையையும் செய்ய முடிய வேண்டும். அதற்கு மேல் வசதிகள் இருக்கட்டும், தொந்தரவில்லை. இருக்க வேண்டியது மாறி இருந்தால் பொதுப் பெயர் கூடாது. எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ குறிப்பில், கட்டளைகளை அடுக்கும் சப்மிஷன் க்யூவின் ஒவ்வொரு பதிவும் 64 பைட். ஆப்பிளின் டி2 சிப் 128 பைட் எதிர்பார்க்கிறது. பொதுக் குறிப்பை மட்டும் நம்பும் டிரைவர் இரண்டாவது கட்டளையையே தவறான இடத்தில் வைக்கும். லினக்ஸில் அதே என்விஎம்இ டிரைவர்தான் அதையும் ஓட்டுகிறது, ஆனால் ஐடியைப் பார்த்து விதிவிலக்கு வைத்து. ஒரே டிரைவரால் ஓட்ட முடிவது வேறு, பொதுப் பெயருக்குத் தகுதி பெறுவது வேறு.

சிலிக்கான்சித்தன்:
இந்த அளவுகோலை வைத்தால் யூஎஸ்பி சந்தையில் பாதிக் கடையை மூட வேண்டும். மாஸ் ஸ்டோரேஜ் என்று சொல்லிக்கொண்டு தடுமாறும் சாதனங்களுக்கென்றே கர்னலில் நீளமான பட்டியல் இருக்கிறது. யூஏஎஸ் (வேகமான யூஎஸ்பி சேமிப்பு முறை) தெரியும் என்று சொல்லிவிட்டுச் சொதப்பும், வட்டை யூஎஸ்பியோடு இணைக்கும் பிரிட்ஜ்களும் அதில் அடக்கம். உலகம் ஓடவில்லையா?

யூஎஸ்பிபூச்சி:
அந்தப் பட்டியலில் மல்லுக்கட்டுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். யூஎஸ்பி குச்சியை யார் எந்தக் கணினியில் செருகுவார் என்று தெரியாது, அதனால் மாஸ் ஸ்டோரேஜ் போன்ற வகுப்புப் பெயர் இல்லாமல் அங்கே முடியாது. போர்டில் ஒட்டிய சிப்பின் கதை வேறு. அதோடு, எங்களால் விதிவிலக்கு எழுத முடிவதே சாதனம் தன் வெண்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் சேர்த்துச் சொல்வதால்தான். இன்னொன்று, கடிகாரமும் ரீசெட்டும் வேண்டும் என்பதற்காக மட்டும் பொதுப் பெயரை மறுக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர்களுக்கான ஜெனரிக் இஹெச்சிஐ டிரைவர் அவற்றை டிவைஸ் ட்ரீயிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நடுவில் தனி ரெஜிஸ்டர் ஒன்றைத் தொட்டால்தான் உயிர் வரும் என்றால்தான் ஆட்டம் முடிந்தது.

சிலிக்கான்சித்தன்:
ஹார்ட்வேர் குழு பதில் அனுப்பிவிட்டது. பிஸி வசதி இருக்கிறதாம். சரி, கர்னலுக்கு அனுப்பும் பேட்ச்சில் எடுத்துவிடுகிறேன். பூட்லோடரின் ட்ரீயில் மட்டும் என்எஸ்16550ஏ இருக்கும். அங்கே இன்டரப்ட் இல்லாமல் டிரைவரே திரும்பத் திரும்பப் பார்க்கும் வெறும் போலிங்தானே.

கர்னல்காவலன்:
பூட்லோடர் அதே ட்ரீயைக் கர்னலிடம் கொடுத்தால்? அதுவும் போக, அங்கே அது தேவையே இல்லை. யூ-பூட் பூட்லோடரின் 16550 டிரைவரைத் திறந்து பாருங்கள். டிசைன்வேரின் பெயர் அதன் பட்டியலிலேயே இருக்கிறது. ‘இதையும் என்னால் ஓட்ட முடியும்’ என்று டிரைவர் சொல்லட்டும். ‘நான்தான் அது’ என்று சிப் சொல்ல வேண்டாம்.

சிலிக்கான்சித்தன்:
அந்தப் பட்டியல் இல்லாத பூட்லோடர்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கர்னல்காவலன்:
ஒரு வரி சேர்த்து பேட்ச் அனுப்புவார்கள்.