7950எக்ஸ்-க்கு வாட்டர் பிளாக்கை மாத்தணுமா?

மூணு வாரமா மண்டையைப் பிச்சுக்கிறேன். ப்ராசஸர் ரைசன் 9 7950எக்ஸ், தண்ணி கூலிங்: ப்ராசஸர் மேல உட்கார்ந்து சூட்டைத் தண்ணிக்குக் கடத்துற வாட்டர் பிளாக், 360 மிமீ செம்பு ரேடியேட்டர், டி5 பம்ப். சென்னையில ஏசி இல்லாத ரூம், 33 டிகிரி. ரெண்டர் போட்ட பத்து விநாடியில 95 தொட்டுட்டு கிளாக் (ப்ராசஸர் ஓடுற வேகம்) இறங்குது. அந்த சிப் 95 வரைக்கும் தாங்கும்னு தெரியும், ஆனா தண்ணி வெறும் 41தான்! அப்போ சூடு பிளாக்குக்கே சரியா இறங்கலை.

ப்ராசஸருக்கும் பிளாக்குக்கும் நடுவுல போடுற பேஸ்ட்டை ரெண்டு தடவை மாத்தியாச்சு. காத்துக் குமிழி எடுத்தாச்சு. பிளாக்கைப் பிரிச்சு உள் இடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ச்சாச்சு, சுத்தமாத்தான் இருக்கு.

பிளாக் பழைய இன்டெல் காலத்தது. ஏஎம்5 (இந்த ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட்) பிராக்கெட் மட்டும் புதுசு. இந்த ப்ராசஸர்ல சூடாகுற ரெண்டு சிப்லெட்டும் (உள்ளே இருக்குற குட்டி சிப்) நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கு.

பிளாக்கை அந்த ஓரத்துப் பக்கமா நகர்த்தி மாட்டுற ஆஃப்செட் பிராக்கெட் போட்டு இதையே ஓட்டலாமா, இல்ல ஏஎம்5-க்குன்னே வர்ற பிளாக் வாங்கணுமா? ரெண்டையும் போட்டுப் பார்த்தவங்க, எத்தனை டிகிரி வித்தியாசம்னு சொல்லுங்க.